அந்தக் கை உங்களுடையதுதான், தம்பி

கேள்வி: நான் கடலூர் முதுநகரில் பிறந்தவன். வயது 27. திருநம்பி, அதாவது பெண் என்று வளர்க்கப்பட்ட ஆண். சின்ன வயதில் அம்மா எனக்குக் கோலம் கற்றுக்கொடுத்தார். மார்கழியில் என் சிக்குக் கோலத்தை நின்று பார்த்துவிட்டுத்தான் தெருவில் எல்லாரும் போவார்கள். நான் யார் என்று வீட்டில் சொன்ன பிறகு அங்கே இருக்க முடியவில்லை. இப்போது புதுச்சேரியில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் டிசைன் வேலை. வந்த புதிதில் கோலப்பொடியைக் கண்டாலே விலகிப் போவேன். அது பழைய ஆளோடு போகட்டும் என்று விட்டுவிட்டேன். போன வருடம் கை கேட்கவில்லை. காடாத்துணியில் வெள்ளை பெயின்ட்டால் சிக்குக் கோலம் வரைய ஆரம்பித்தேன். இப்போது ஏழெட்டுப் படங்கள் இருக்கின்றன. என் அறை நண்பனும் திருநம்பிதான். “இவ்வளவு கஷ்டப்பட்டு வெளியே வந்துட்டு இன்னும் பொம்பளை வேலையை விடலையா?” என்கிறான். ஒரு குழுக் கண்காட்சிக்குக் கேட்டுப் பார்த்தேன். நடத்துகிறவர், “கோலம் எல்லா வீட்டு வாசல்லயும்தான் இருக்கு. திருநம்பியா உங்க கதையைச் சொல்ற மாதிரி ஏதாவது கொடுங்க” என்கிறார். அம்மா என்னோடு பேசுவதில்லை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு படம் போட்டபோது “எத்தனை புள்ளி?” என்று மட்டும் கேட்டிருந்தார். பதில் போடவில்லை. நான் எதைத்தான் வரைவது?
— பெயர் வேண்டாம், புதுச்சேரி.

பதில்: அன்புள்ள தம்பி, கோலத்தையே வரையுங்கள். காரணங்களைக் கீழே சொல்கிறேன். ஆனால் கடிதத்தைப் படித்து முடித்த உடனே எனக்குத் தோன்றியது இதுதான், அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

உங்கள் நண்பரும் கண்காட்சிக்காரரும் எதிரெதிராகப் பேசுவது போலத் தெரிகிறது. இரண்டு பேர் தேடுவதும் ஒன்றைத்தான். படத்தைப் பார்த்த மாத்திரத்தில் வரைந்தவர் ஆணா, பெண்ணா, திருநம்பியா என்று அது சொல்லிவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஒரு கலைஞரின் பாலினம் அவருடைய வேலைக்குள் வருகிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது இப்படி முகப்பில் வந்து நிற்பது அபூர்வம். சின்ன வயதில் எங்கே நிற்க விட்டார்கள், எங்கே விடவில்லை, கையில் எதைக் கொடுத்தார்கள், யார் பார்க்க எதைச் செய்ய வேண்டியிருந்தது, யாரும் பார்க்காதபோது என்ன செய்தார்கள் என்ற வழியாகத்தான் அது வரும்.

உங்கள் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். விடிகாலை ஐந்து மணிக்குத் தெருவில் ஒரு பெண்பிள்ளை தனியாக நின்றால் நம் ஊரில் கேள்வி வரும். சொந்த வாசலில் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்றால் வராது. தண்ணீர் தெளித்து, தரை ஈரம் காய்வதற்குள் புள்ளி வைத்தாக வேண்டும். நடுவில் ஏழு வைத்து இரு பக்கமும் நாலு வரை குறைத்துக்கொண்டு போகிற ஊடுபுள்ளிக் கோலம் என்றால், ஒரு வரிசையின் புள்ளிகள் அடுத்த வரிசையின் இடைவெளிக்கு நேராக விழ வேண்டும். முதல் வரிசை கொஞ்சம் கோணினாலும் கடைசி வரிசையில் அது பல்லிளிக்கும். அப்புறம் கோடு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பொடி ஒரே அளவாக இறங்க வேண்டும். சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைத் தொடக் கூடாது, எந்தப் புள்ளியையும் வெளியே விடக் கூடாது, எல்லாவற்றையும் சுற்றிவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். முழங்கால் மடக்காமல் இடுப்பை வளைத்தபடியே இதையெல்லாம் செய்ய வேண்டும். இது ஒரு நாளில் வருகிற வித்தை இல்லை. வருடக் கணக்கில் தினமும் காலையில் செய்தால்தான் கை தானாகப் போகும். நம் வீடுகளில் அந்தக் காலைகளைப் பெண்பிள்ளைகளுக்குத்தான் கொடுத்தார்கள். பையன்கள் அந்த நேரம் போர்வைக்குள் இருந்தார்கள்.

உங்களைப் பெண் என்று நினைத்து வளர்த்ததால் உங்களுக்கு அந்தக் காலைகள் கிடைத்தன. அந்த நினைப்பு தவறு. அந்தக் காலைகளில் உங்கள் விரல் கற்றது தவறாகிவிடாது. பேரை மாற்றலாம், சட்டையை மாற்றலாம், அரசு அடையாள அட்டையை மாற்றலாம். 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், ஒருவர் தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமையை ஏற்றுக்கொண்டது. அந்தத் தீர்ப்பில் கை கற்ற தொழிலை ஒப்படைக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. நண்பர் உங்களிடம் அதைத்தான் கேட்கிறார்.

இனி அந்தப் “பொம்பளை வேலை”. மேற்கு மலையைத் தாண்டிக் கேரளத்துக்குப் போனால், தரையில் பொடியால் வரைவது ஆண்களின் குலத்தொழிலாக இருக்கிறது. களமெழுத்து என்று சொல்வார்கள். அரிசி மாவு, மஞ்சள், உமிக்கரி, பச்சிலைப்பொடி எல்லாம் கொண்டு பகவதியைத் தரை நிறைய எழுதுவார்கள். சடங்கு முடிந்ததும் அழித்துவிடுவார்கள். தலைமுறை தலைமுறையாகக் குறுப்பு வகுப்பு ஆண்கள் செய்துவருவது. நாம் வாசலில் செய்கிற அதே காரியம்தான், பொடியும் தரையும் விரலும்தான். அங்கே அதைப் பொம்பளை வேலை என்று ஒருவரும் சொல்வதில்லை.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். உங்கள் ஊருக்கு அருகிலேயே திருவந்திபுரம் இருக்கிறது. அங்கே கோயில் கொண்ட பெருமாள் தேவநாத சுவாமியைத் திருமங்கையாழ்வார் பாடியிருக்கிறார். அந்த ஆழ்வார் மற்ற இடங்களில் பெருமாளுக்காக ஏங்கும் பெண்ணாக மாறிப் பாடும்போது பரகால நாயகி என்றே பெயர். பின்னால் அதே திருவந்திபுரத்தில் பல காலம் வாழ்ந்த வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகர், தேவநாதன் மீது அச்சுத சதகம் பாடினார். தமிழிலும் சமஸ்கிருதத்திலும் கரை கண்டவர், இந்த நூலை மட்டும் பிராகிருதத்தில் செய்தார். சமஸ்கிருத நாடகங்களில் பெண் பாத்திரங்கள் பேசுவது பிராகிருதம். நீங்கள் இருக்கும் புதுச்சேரிக்கு வந்தால் பாரதி. மீசையும் முண்டாசுமாக இந்தத் தெருக்களில் 1908 முதல் 1918 வரை நடந்த மனிதர், கண்ணனைக் காதலனாக வைத்துப் பாடும்போது தோழியிடம் புலம்பும் பெண்ணாகவே ஆகிவிட்டார். இங்கே கருவடிக்குப்பத்தில் அடக்கமாகியிருக்கும் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் நடத்திய பாலர் நாடகக் கம்பெனியில் பெண் வேடமெல்லாம் பையன்கள் கட்டியதுதான். அந்தக் கம்பெனியில் சிறுவனாகச் சேர்ந்த டி.கே.சண்முகம், பிற்பாடு கிழவி ஔவையாராக நடித்து, ஔவை என்ற பெயரையே தன் பெயருக்கு முன்னால் ஆயுசு முழுக்க வைத்துக்கொண்டார். சென்னையில் ஒரு பெரிய சாலைக்கே இன்று ஔவை சண்முகம் சாலை என்று பெயர்.

இவர்களையெல்லாம் சொல்வது உங்களுக்கு ஆறுதல் தருவதற்காக மட்டும் இல்லை. பெண்ணின் குரலையும் வேடத்தையும் எடுத்தபோது இவர்களில் ஒருவரிடமும் “நீ நிஜமாக ஆம்பளைதானா?” என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஊரே சிரித்திருக்கும். அவர்களுடைய ஆண்மை யாரும் தொடாத சொத்தாக அவர்கள் கையில் இருந்தது. அந்தத் தைரியத்தில் பெண் பக்கம் போய் வந்தார்கள், கலை செழித்தது. உங்களுக்கு அந்தச் சலுகையை யாரும் தரவில்லை. நீங்கள் முடி வெட்டுவது, உட்காருவது, குரல், கைக்குட்டை வரைக்கும் சான்றாகப் பார்க்கிறார்கள். எதையாவது ஒன்றை மென்மையாகச் செய்துவிட்டால் “பார்த்தியா, பொண்ணுதான்” என்று சொல்லக் காத்திருக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அதனால்தான் கோலப்பொடியைக் கண்டு விலகினீர்கள். நண்பர் கோபப்படுவதற்கும் அதே பயம்தான் காரணம். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் உங்களைக் காப்பாற்றப் பார்க்கிறார். ஆனால் மற்ற ஆண்களுக்கு ஊர் கேட்காமலே கொடுக்கும் சுதந்திரத்தை நீங்கள் உங்களுக்குள் மறுத்துக்கொண்டால், வெளியே இருப்பவர்களின் வேலையை நீங்களே செய்துகொடுத்த மாதிரி ஆகிவிடும். நண்பரிடம் வாதாட வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு துணியை விரித்து, புள்ளி வைத்துவிட்டு, கோட்டை அவரிடம் கொடுத்துப் பாருங்கள். எவ்வளவு கஷ்டம் என்று தெரியட்டும்.

கண்காட்சிக்காரர் சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அவர் கேட்பது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு சித்திரைப் பௌர்ணமிக்கும் கூவாகத்தில் குவியும் கேமராக்களைப் பாருங்கள். நம் பக்கத்தில் பிள்ளையார்குப்பத்திலும் கொத்தட்டையிலும் கூத்தாண்டவர் திருவிழா நடக்கிறது. அங்கே வருகிற திருநங்கைகளுக்கு அது வேண்டுதல், தாலி, அழுகை, சந்திப்பு, கொண்டாட்டம், எல்லாம் சேர்ந்தது. வெளியிலிருந்து வரும் கேமராக்காரர்களில் நிறையப் பேருக்குத் தாலி அறுக்கும் அந்த ஒரு காட்சி போதும். திருநங்கை என்றாலே அந்தப் படம்தான் என்று மனதில் பதிந்துபோயிருக்கிறது. திருநம்பிகளுக்கு அப்படி ஒரு தயார்ப் படம்கூட அவர்களிடம் இல்லை. அதனால் “உன் கதையைக் கொடு” என்கிறார்கள். உங்களிடம் அவர் கேட்பது ஒரு காயம். அது தெரிகிற மாதிரி இருந்தால் சுவரில் மாட்ட அவருக்கு வசதி.

தன் கதையைத் தானே சொன்னவர்கள் பெரியவர்கள். அதில் சந்தேகம் வேண்டாம். திருநங்கைகளான ரேவதியும் லிவிங் ஸ்மைல் வித்யாவும் தங்கள் வாழ்க்கையை எழுதியிராவிட்டால் நீங்கள் இந்தக் கடிதத்தை எனக்கு எழுதியிருப்பீர்களா என்பதே சந்தேகம். வித்யாவின் தன்வரலாறு 2007இல் வந்தது. திருநங்கையான கல்கி சுப்ரமணியம் கவிதையிலும் ஓவியத்திலும் தன் உடம்பைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் பேசியிருக்கிறார். அமெரிக்காவில் லோரன் கேமரன் என்று ஒரு திருநம்பிப் புகைப்படக்காரர் இருந்தார். தன்னைப் போன்ற ஆண்களின் படம் எங்கேயும் இல்லை என்பதால் கேமராவைத் தன் பக்கமே திருப்பினார். 1996இல் அந்தப் படங்கள் புத்தகமாக வந்தன. உடற்பயிற்சியால் தானே செதுக்கிய உடம்போடு அவர் நிற்பார். சில படங்களில் கேமராவை இயக்கும் ரப்பர் குமிழ் அவர் கையிலேயே இருக்கும், அதை மறைக்க மாட்டார். என்னைப் படம் எடுப்பது நான்தான் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். இவர்கள் எல்லாருமே அவர்களாக முடிவு செய்து சொன்னவர்கள். கண்காட்சிக்கு ஆள் வேண்டும் என்று ஒருவர் கேட்டதற்காகச் சொன்னவர்கள் இல்லை.

நர்த்தகி நடராஜ் செய்தது வேறு. மதுரையில் பிறந்த திருநங்கை. தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் பல வருடம் பரதம் பயின்றவர். 2019இல் பத்மஸ்ரீ வாங்கினார், திருநங்கை ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் தடவை. அவருடைய ஆட்டத்தில் நாயகி பாவம் பெயர் பெற்றது. மேடையில் அவர் தன் வாழ்க்கைக் கதையைச் சொல்லவில்லை, தஞ்சை நால்வர் என்ற பரத ஆசான்களின் வழியில் வந்த பழைய உருப்படிகளை ஆடினார். ஆனால் நாயகி, தான் விரும்பியவனை நோக்கி ஏங்கி நிற்கிற ஒரு பெண். தன்னைப் பெண்ணாக ஏற்றுக்கொள்ளச் சொல்லி ஊரோடு போராடிய ஒருவர் அந்த ஏக்கத்தை ஆடும்போது, பார்க்கிறவருக்கு அதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தேவைப்படாது. பாடலும் அடவும் முன்னோர் கொடுத்தது, அவற்றில் ஏறி வந்த அழுத்தம் அவருடையது. உங்கள் கோலமும் இப்படித்தான் என்று நான் நம்புகிறேன். வடிவம் அம்மா கொடுத்தது. நீங்கள் அதைக் காடாத்துணியில் போட ஆரம்பித்ததே உங்களுக்கு இப்போது வாசல் இல்லை என்பதால்தானே? திருநம்பியின் கதை எங்கே என்று கேட்டவர், துணி ஏன் வந்தது என்று கேட்டிருந்தால் போதும்.

இனி வேலையைப் பற்றி ஒன்றிரண்டு சொல்கிறேன், ஒத்துவந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பிரஷ்ஷால் வரைகிறீர்கள் என்று நினைக்கிறேன். பிரஷ் பிடிக்கும் கை வேறு, கோலக் கை வேறு. மாக்கோலம் போடும் முறையை நினைத்துப் பாருங்கள். அரிசியை ஊறவைத்து அரைத்துக் கரைத்த மாவில் சின்னத் துணியை நனைத்து, உள்ளங்கையில் வைத்துப் பிழியப் பிழிய மோதிரவிரல் வழியாகக் கோடு இறங்கும். அம்மா விசேஷ நாளில் செய்திருப்பார். பெயின்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, அதே மாதிரித் துணியில் நனைத்துப் போட்டுப் பாருங்கள். துணியைச் சுவரில் அடிக்காமல் தரையில் விரித்து, வாசலில் நின்ற மாதிரியே குனிந்து நின்று போடுங்கள். கோடு நடுங்கும் இடத்தைத் திருத்த வேண்டாம். சுற்றிலும் செம்மண் பூசிய கரை இருந்தால் எப்படி இருக்கும் என்றும் ஒரு படத்தில் பார்க்கலாம். காட்சிக்கு வைக்கும்போதும் ஒன்றையாவது தரையில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். சுவரில் மாட்டினால் அதற்கு மேல், கீழ் என்று வந்துவிடுகிறது. கோலத்தை எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் பார்க்கலாம், சுற்றி நடக்கலாம், மிதித்துவிடுவோமோ என்று கால் தயங்கும். அந்தத் தயக்கம் படத்துக்கு நல்லது.

உங்கள் கோலம் அம்மாவின் கோலத்திலிருந்து எந்த இடத்தில் விலகுகிறது என்று நீங்களே கவனித்துப் பாருங்கள். ஒரு புள்ளியை விட்டுவிடத் தோன்றுகிறதா, கோட்டை மூடாமல் விடத் தோன்றுகிறதா, அல்லது அச்சு அசலாக அம்மா போட்ட மாதிரியே போடத்தான் மனசு வருகிறதா? எது வந்தாலும் சரி. திருநம்பி வரைந்ததாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு புள்ளியைக்கூட மாற்றாதீர்கள். தெரியக் கூடாது என்பதற்காகவும் மாற்றாதீர்கள். நாளைக்கு உங்கள் உடம்பைப் பற்றி, வீட்டை விட்டு வந்த நாளைப் பற்றி வரைய வேண்டும் என்று உங்களுக்கே தோன்றினால் தாராளமாக வரையுங்கள். கோலக்காரன் என்று பெயர் எடுத்துவிட்டோமே என்று அப்போது தயங்க வேண்டாம்.

அம்மாவுக்குப் பதில் போடுங்கள். எத்தனை புள்ளியோ அதை மட்டும் எழுதுங்கள். உங்களை மகனாக ஏற்றுக்கொண்டதாக அந்தக் கேள்விக்கு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம், அது நடக்க நாளாகலாம். ஒரு கோலக்காரி இன்னொரு கோலக்காரரிடம் கேட்கும் கேள்வியாக எடுத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள். அவ்வளவுதான் இப்போதைக்கு.

கண்காட்சிக்காரரிடம் பேசுவதற்கு முன் சில விஷயங்களை நீங்கள் முடிவு செய்துவைத்துக்கொள்ள வேண்டும். படத்துக்குப் பக்கத்தில் வைக்கும் அட்டையில் என்ன இருக்கும்? பெயர், படத்தின் தலைப்பு, எதில் வரைந்தது, வருடம். “திருநம்பி” என்று போடலாமா, வேண்டாமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், அவர் சொல்லக் கூடாது. போட விருப்பம் இருந்தால் எல்லாப் படத்துக்கும் போடச் சொல்லுங்கள். விருப்பம் இல்லையென்றால் அழைப்பிதழிலும் பத்திரிகைக்குக் கொடுக்கும் குறிப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் வரக் கூடாது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதுநகரில் தெரிந்தவர்கள் யார் கண்ணில் படும், அம்மாவுக்கு அதனால் தொந்தரவு வருமா என்பதையும் யோசித்துவிட்டு முடிவு செய்யுங்கள். அவரிடம், “என் வேலை கோலம்தான், இதைத்தான் தர முடியும்” என்று மரியாதையாகச் சொல்லுங்கள். அவருக்கு வேண்டாம் என்றால் வேறு இடம் பார்க்கலாம். புதுச்சேரியில் படம் காட்ட இடத்துக்குப் பஞ்சம் இல்லை, கடற்கரைச் சாலைப் பக்கத்துக் காபிக் கடைகளில்கூடச் சில இடங்களில் படம் மாட்டிவைத்து விற்கிறார்கள்.

இன்னொன்று, விலை. அவர் கட்டாயம், “கோலம்தானே” என்று குறைக்கப் பார்ப்பார். வாசலில் தினமும் சும்மா கிடைக்கிறது என்பதால் அதற்கு விலை இல்லை என்று நினைக்கும் பழக்கம் நம் எல்லாருக்கும் உண்டு. நம் வீட்டுப் பெண்கள் காலங்காலமாகக் காசு வாங்காமல் செய்த வேலை என்பதுதான் அதற்குக் காரணம். துணி, பெயின்ட் செலவை எழுதுங்கள். ஒரு படத்துக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது, ஃபிளெக்ஸ் கடையில் அதே நேரத்துக்கு என்ன சம்பளம் என்று கணக்குப் போடுங்கள். அதே அளவில் அங்கே தொங்கும் மற்ற ஓவியங்களுக்கு என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். அதற்குக் கீழே போகாதீர்கள். விற்றால் கண்காட்சிக்காரருக்கு எத்தனை சதவீதம், விற்காத படம் எப்போது, யார் செலவில் திரும்பி வரும் என்பதையும் படத்தைக் கொடுப்பதற்கு முன்பே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.